ஒரே தொட்டியில் பல வகை மீன்கள்: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில் விடுவது

கம்யூனிட்டி டேங்க் வைக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் கடையில் நின்றுகொண்டுதான் "இந்த மீன் அந்த மீனோடு சேருமா?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை, கேட்கும் நேரம்தான் தவறு. சண்டை வருமா வராதா என்று பார்ப்பதற்கு முன்பே தண்ணீர், வெப்பம், தொட்டியின் அளவு மூன்றும் சேர்ந்து பாதி மீன்களைக் கழித்துவிடும். மிச்சம் இருப்பவற்றுக்குள்தான் குணம் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீனைத் தேர்ந்தெடுக்கும் வரிசையும் தொட்டியில் விடும் வரிசையும் நேரெதிர். தாளில் முதலில் எழுதும் மீன்தான் தொட்டிக்குள் கடைசியாகப் போகும். காரணம் 8ஆம் பகுதியில் வரும்.

1. மீன் வாங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

அளவு நாடா, தெர்மாமீட்டர், சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட். கிட்டில் பிஎச் (நீர் அமிலமா காரமா என்ற அளவு), ஜிஎச் எனப்படும் நீரின் கடினத்தன்மை, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஐந்தும் அளக்க முடிய வேண்டும். பட்டைத்தாள் வகையில் பெரும்பாலும் அம்மோனியா இருக்காது. புதுத் தொட்டியில் மீனைக் கொல்வதோ அதுதான்.

கூடவே 20 லிட்டர் கொள்ளும் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப் ஒன்று, சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. அந்த ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டிக்குள்ளேயே ஓடவிட்டு வையுங்கள். தேவைப்படும் நாளில் நுண்ணுயிர் குடியேறிய நிலையில் எடுத்து டப்பில் போடலாம். புது மீனைத் தனியே வைத்துப் பார்க்கவும் வம்பு செய்யும் மீனைப் பிரித்து வைக்கவும் இந்த டப்தான். "பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று இதைத் தள்ளிப்போட்டால், சண்டை நடக்கும் இரவில் வாளியைத் தேட வேண்டியிருக்கும்.

தொட்டி சைக்கிள் ஆகியிருக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் பெருக வழக்கமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மீன் இல்லாத தொட்டியில் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு அம்மோனியா விட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 என்று வந்தால் தயார். தண்ணீர் பளிங்குபோல் தெளிவாக இருப்பது எதற்கும் அடையாளம் இல்லை.

2. தண்ணீரை அளந்து எழுதுங்கள்

குழாய்த் தண்ணீரைப் பிடித்த உடனே பிஎச் பார்க்காதீர்கள். ஒரு பாத்திரத்தில் ஊற்றி ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். கரைந்திருக்கும் வாயுக்கள் வெளியேறிய பிறகு வரும் எண்தான் மீன் வாழப்போகும் எண். நிலத்தடி நீரில் இந்த வித்தியாசம் 0.5க்கு மேல்கூடப் போகலாம்.

பிஎச்சைவிட ஜிஎச் முக்கியம். ஒரு டிகிரி ஜிஎச் என்பது சுமார் 18 பிபிஎம். 6 டிகிரிக்குக் கீழே மென்னீர், 12க்கு மேலே கடின நீர், இடைப்பட்டது நடுத்தரம் என்று வைத்துக்கொண்டால் தேர்வுக்குப் போதும்.

- கடின நீர் கேட்பவை: கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வோர்ட்டெயில். குட்டி போடும் இந்தக் குடும்பம் முழுக்கவே பிஎச் 7 முதல் 8 வரை நன்றாக இருக்கும்.
- மென்னீர் கேட்பவை: கார்டினல் டெட்ரா, எம்பர் டெட்ரா, ராம் சிக்லிட், டிஸ்கஸ்.
- நடுவில் எங்கும் சமாளிப்பவை: ஜீப்ரா டேனியோ, செர்ரி பார்ப், வெண்கல நிறக் கோரி (அடித்தளத்தில் வாழும் சிறு கெளுத்தி வகை), தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து வளர்க்கப்பட்ட ஏஞ்சல்.

புதியவர்கள் அடிக்கடி சேர்க்கும் ஜோடி நியான் டெட்ராவும் மோலியும். இரண்டும் ஒன்றையொன்று தொடாது, ஆனால் ஒன்றுக்குப் பிடித்த தண்ணீர் மற்றதற்கு ஆகாது. மென்னீரில் விட்ட மோலி சில வாரங்களில் நின்ற இடத்திலேயே உடலை நெளித்து நெளித்து ஆடும். அதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். குறை தண்ணீரில்.

டிடிஎஸ் மீட்டரை வைத்துக் கடினத்தன்மையைக் கணிக்க வேண்டாம். அது கரைந்த உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். உப்பு கலந்த நீர் 600 காட்டினாலும் அதில் கால்சியமும் மக்னீசியமும் குறைவாக இருக்கக்கூடும்.

மீனுக்காகத் தண்ணீரை மாற்றுவதைவிடத் தண்ணீருக்கேற்ற மீனைத் தேர்வது நல்லது. பிஎச் குறைக்கும் திரவம் கடின நீரில் ஓரிரு நாள்தான் நிற்கும், பிறகு எண் ஏறும், மறுபடி ஊற்றுவீர்கள். அந்த ஏற்ற இறக்கம் நிலையான 7.8ஐவிட மோசம். ஆர்ஓ நீர் கலந்து மென்மையாக்கலாம், ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே விகிதத்தில் கலக்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உண்டா என்பதை நேர்மையாக யோசித்துவிட்டு இறங்குங்கள்.

3. வெப்பத்தின் பொது எல்லையைக் கண்டுபிடியுங்கள்

தெர்மாமீட்டரை வைத்து விடியற்காலை ஒரு முறை, பிற்பகல் ஒரு முறை, ஒரு வாரம் குறித்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் கீழ் எல்லையைத்தான் காக்கும், வெயில் காலத்தில் ஏறும் வெப்பத்தை இறக்காது. ஆகவே உங்கள் தொட்டி தொடும் அதிக வெப்பம்தான் முடிவு செய்யும் எண்.

பிறகு நினைத்திருக்கும் ஒவ்வொரு மீனின் வெப்ப எல்லையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். கீழ் எல்லைகளில் பெரியதும் மேல் எல்லைகளில் சிறியதும் சேர்ந்ததுதான் பொது எல்லை. ஹார்லெக்வின் ரஸ்போரா 22–27, வெண்கலக் கோரி 22–26, குள்ள கௌராமி 22–27 என்றால் பொது எல்லை 22–26. ஹீட்டரை 24–25ல் வைத்தால் மூன்றுக்கும் நிம்மதி. இதோடு ராம் சிக்லிட்டைச் சேருங்கள். அது 27–30 கேட்கும். கோரிக்கு 26தான் மேல் எல்லை என்பதால் பொது எல்லையே இல்லாமல் போகும். ராம் வேண்டுமென்றால் வெப்பம் தாங்கும் ஸ்டெர்பை கோரிக்கு மாற வேண்டும், ஹார்லெக்வின் இடத்தில் கார்டினல் வர வேண்டும்.

நியானும் கார்டினலும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்கிவிடுவார்கள். கார்டினல் 28 வரை தாங்கும், நியானுக்கு 22–25 சுகம். கார்டினலின் சிவப்பு வயிறு முழுக்க ஓடும், நியானில் உடலின் பின்பாதியில் மட்டும். பார்த்து வாங்குங்கள்.

தங்கமீனை இந்தப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம். குளிர்ந்த நீர் மீன், கழிவு மிக அதிகம், வாய்க்குள் அடங்கும் சின்ன மீனை விழுங்கும். மூன்று காரணமும் தனித்தனியே போதுமானவை.

4. தொட்டியின் உண்மையான கொள்ளளவு

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர். ஆனால் 60×30×36 தொட்டி 65 லிட்டர் என்பது காகிதக் கணக்கு. தண்ணீர் மேலிருந்து 4 செ.மீ. குறையும், மணல் 5 செ.மீ. பிடிக்கும். மிச்சம் 27 செ.மீ. உயரம், அதாவது சுமார் 49 லிட்டர். கல், கட்டை போனால் 45. மீனுக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

தொடக்கக் கணக்காக, முழு வளர்ச்சி நீளத்தில் 1 செ.மீ. மீனுக்கு 1.5 லிட்டர் வைக்கலாம். 45 லிட்டரில் 30 செ.மீ. மீன். இந்தக் கணக்கு 6, 7 செ.மீ.க்கு உட்பட்ட மெலிந்த மீன்களுக்கு மட்டும்தான் செல்லும். மீனின் நீளம் இரண்டு மடங்கானால் உடல் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது, கழிவும் அதற்கேற்பக் கூடுகிறது. 30 செ.மீ. ஆஸ்கார் ஒன்றும் 3 செ.மீ. டெட்ரா பத்தும் சமம் என்று இந்தக் கணக்கு சொல்லும். பத்து டெட்ரா வாழும் தொட்டியில் அந்த ஆஸ்காரால் திரும்பக்கூட முடியாது.

நீளத்தையும் தனியே பாருங்கள். ஜீப்ரா டேனியோ 4 செ.மீ. மீன்தான், ஆனால் நாள் முழுக்க ஓடும். 75 செ.மீ.க்குக் குறைந்த தொட்டியில் ஓட இடமில்லாமல் கூட இருப்பவற்றைத் துரத்தும். ஏஞ்சலுக்கோ உயரம் வேண்டும். துடுப்போடு சேர்த்து 20 செ.மீ.க்கு மேல் நிற்கும் மீனுக்கு 45 செ.மீ. உயரத் தொட்டி தேவை.

5. முதன்மை மீனைத் தீர்மானியுங்கள்

தொட்டியில் கண் போய் நிற்கும் மீன் ஒன்று இருக்கும். அதை முதலில் தீர்மானிக்கக் காரணம், அப்படிப்பட்ட மீன் ஒவ்வொன்றும் தன்னோடு ஒரு தடைப்பட்டியலைக் கொண்டுவரும்.

ஏஞ்சல்: சாந்தமாகத் தெரிந்தாலும், எல்லைக்குச் சண்டை போடும் சிக்லிட் குடும்பம். வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்குள் நியான் அடங்கும். சின்னதில் ஒன்றாக வளர்ந்தவை பழகிவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஏழெட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, விளக்கணைந்த பிறகு ஒவ்வொன்றாகக் குறையும். உயரமான உடல்கொண்ட லெமன் டெட்ரா, பெரிய தொட்டியென்றால் காங்கோ டெட்ரா சேர்க்கலாம். ஜோடி சேர்ந்து முட்டை வைத்தால் தொட்டியில் பாதியைத் தங்கள் எல்லையாக்கிக்கொள்ளும்.

குள்ள கௌராமி: ஒரு தொட்டிக்கு ஆண் ஒன்றே ஒன்று. இரண்டு ஆண் வைத்தால் இளைத்தது மூலையில் கிடந்து பட்டினியில் போகும். இதைவிடத் தேன் கௌராமி சாது, 5 செ.மீ. அளவு, சிறு தொட்டிக்கு என் தேர்வு அதுதான். கடையில் "நீல கௌராமி" என்று 4 செ.மீ. குஞ்சாக நிற்பது வேறு இனம். 13 செ.மீ.க்கு வளர்ந்து எல்லோரையும் விரட்டும்.

ஃபைட்டர்: ஆண் ஒன்று மட்டும். கௌராமி நெருங்கிய உறவு என்பதால் எதிரியாகவே பார்க்கும். நீண்ட வாலும் பளிச்சென்ற நிறமும் கொண்ட ஆண் கப்பியையும் இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துத் தாக்கக்கூடும். கோரியோடும் எம்பர் டெட்ராவோடும் பெரும்பாலும் ஒத்துப்போகும். பெரும்பாலும்தான். ஒவ்வொரு ஃபைட்டருக்கும் ஒரு குணம் என்பதால் டப்பைத் தயாராக வைத்துக்கொண்டே விடுங்கள்.

முதன்மை மீன் இல்லாமலே விடுவதும் நல்ல முடிவு. 15 ஹார்லெக்வின் ஒரே வீச்சில் திரும்புவதற்கு ஈடாக ஒற்றை மீன் எதுவும் அழகில்லை.

6. கூட்டமும் அடித்தளமும்

டெட்ரா, ரஸ்போரா, பார்ப், டேனியோ, கோரி எல்லாம் கூட்டத்தில் வாழ்பவை. ஒவ்வொரு இனத்திலும் குறைந்தது 6, இடமிருந்தால் 10. ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்குவதுதான் ஆரம்பக்காரர்கள் செய்யும் முதல் தவறு. கூட்டத்துக்குள் எப்போதும் ஒரு படிநிலைத் தகராறு இருக்கும். பத்துப் பேரில் அது பரவிக் கரைந்துபோகும். இரண்டு பேரில் ஒருவனே அடிவாங்குவான், அல்லது இருவரும் சேர்ந்து மற்ற இனத்தின் துடுப்பைக் கடிப்பார்கள்.

டைகர் பார்ப், செர்பே டெட்ரா, பிளாக் ஸ்கர்ட் டெட்ரா மூன்றும் துடுப்பு கடிப்பவை. எண்ணிக்கையை 10க்கு மேல் ஏற்றினால் கடி குறையும், நிற்காது. ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர் போன்ற நீண்ட துடுப்பு மீன்களும், நூல்போன்ற வயிற்றுத்துடுப்பு உள்ள கௌராமியும் இருக்கும் தொட்டியில் இவை வேண்டாம். டைகர் பார்பின் இடத்தில் செர்ரி பார்ப் வைத்தால் சிவப்பும் கிடைக்கும், சண்டையும் இருக்காது.

கோரிக்குக் கூர்மையில்லாத மெல்லிய மணல் வேண்டும். மீசையால் துழாவி உண்ணும் மீன் அது. கூரான கல் படுகையில் மீசை தேய்ந்துபோகும். அது குப்பை தின்று வாழும் என்று பட்டினி போடாதீர்கள், விளக்கணைத்த பிறகு மூழ்கும் உணவு தனியாகப் போட வேண்டும். மேலே வேகமான டேனியோ இருந்தால் இது இன்னும் அவசியம். கோரி அவ்வப்போது மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அது அதன் இயல்பு, பதற வேண்டாம்.

ஆண்–பெண் கணக்கு கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வோர்ட்டெயிலுக்கு மட்டும் கட்டாயம். ஓர் ஆணுக்கு 2 அல்லது 3 பெண் இல்லாவிட்டால் பெண் மீன் துரத்தப்பட்டே சாகும். பெண் வைத்தால் சுமார் 4 வாரத்துக்கு ஒரு முறை குட்டி. ஒரு முறை இணைந்த பெண் மாதக்கணக்கில் விந்தைச் சேமித்து வைத்திருக்கும், ஆணைப் பிரித்தாலும் குட்டி வரும். குட்டி வேண்டாமென்றால் ஆண் கப்பி மட்டும் வையுங்கள், பெண்ணே இல்லாமல்.

7. குஞ்சாக விற்கப்படும் பெரிய மீன்கள்

கடைத் தொட்டியில் எல்லாமே 5 செ.மீ.தான். வளர்ந்த அளவைக் கேட்காமல் பையைக் கட்டச் சொல்லாதீர்கள்.

- டேங்க் கிளீனர் அல்லது சக்கர் மீன்: 40 செ.மீ. தாண்டும். பாசி வேண்டுமளவு தின்று சுத்தம் செய்யும் என்று வாங்குவார்கள், அது போடும் கழிவு தின்னும் பாசியைவிட அதிகம். பிரிஸில்நோஸ் வகை 12–15 செ.மீ.யோடு நிற்கும்.
- பாலா ஷார்க்: 30 செ.மீ.க்கு மேல், அதுவும் கூட்டமாக வைக்க வேண்டிய மீன்.
- சாம்பல் நிற ஷார்க் என்று விற்கப்படும் பங்காசியஸ்: ஒரு மீட்டர் தாண்டும். வீட்டுத் தொட்டிக்கான மீனே இல்லை.
- ரெட் டெயில் ஷார்க்: 12–15 செ.மீ.தான். ஆனால் அடித்தளம் முழுக்கத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும். கோரியோடு வைக்கக் கூடாது.
- சைனீஸ் ஆல்கே ஈட்டர்: குஞ்சில் பாசி தின்னும், வளர்ந்ததும் தட்டையான மீன்களின் பக்கவாட்டில் ஒட்டி மேல்சளியை உறிஞ்சும்.

இப்போது தாளில் உள்ளதைக் கூட்டிப் பாருங்கள். 45 லிட்டர் மென்னீருக்கு எம்பர் டெட்ரா 8 (தலா 2 செ.மீ.), பிக்மி கோரி 6 (தலா 2.5 செ.மீ.) என்றால் 31 செ.மீ., ஏறத்தாழ சரியாக உட்காரும். 90×45×45 தொட்டியில் உண்மையான நீர் சுமார் 135 லிட்டர், அனுமதி 90 செ.மீ. அதில் ஹார்லெக்வின் 10, வெண்கலக் கோரி 6, ஆண் குள்ள கௌராமி 1 சேர்ந்தால் 45, 36, 7 என 88. கடின நீர்க்காரர்களுக்கு 45 லிட்டரில் ஆண் கப்பி 8, பாசிக்கு நெரைட் நத்தை 2. நன்னீரில் நெரைட் பெருகாது.

8. விடும் வரிசை

ஒவ்வொரு தொகுதியும் முதலில் டப்பில் 3 வாரம். வெள்ளைப்புள்ளி போன்ற நோய் வாங்கிய அன்றே தெரியாது. பெரிய தொட்டியில் வந்துவிட்டால் எல்லா மீனுக்கும் மருந்து போட வேண்டிவரும்.

பிறகு, முதலில் கூட்டமீன். அந்த இனத்தின் முழு எண்ணிக்கையையும் ஒரே நேரத்தில் விடுங்கள், அப்போதுதான் படிநிலை ஒரே தடவையில் படியும். இரண்டு வாரம் விட்டுக் கோரி. ஃபில்டர் நுண்ணுயிர்கள் புதிய கழிவுக்கு ஏற்பப் பெருக அந்த இடைவெளி வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் 0 என்று பார்த்த பிறகே அடுத்த தொகுதி. ஓட்டோசிங்க்ளஸ் என்ற பாசி தின்னும் சிறு மீன்மேல் ஆசை இருந்தால் தொட்டிக்கு மூன்று மாதம் ஆன பிறகு, கண்ணாடியில் மெல்லிய பாசிப்படலம் இருக்கும்போது விடுங்கள். புதுத் தொட்டியில் அது பட்டினியில் இறக்கும்.

கடைசியில்தான் கௌராமியோ ஏஞ்சலோ. எல்லை பிடிக்கும் மீன் முதலில் போனால் தொட்டி முழுவதும் அதற்குச் சொந்தமாகிவிடும், பின்னால் வருபவை எல்லாம் அத்துமீறிகள். கடைசியில் போனால் அதுவே புதியவன், இருக்கும் கூட்டத்துக்கு நடுவே கிடைத்த மூலையோடு அடங்கும்.

விடும் நாளில் விளக்கை அணைத்து, இருக்கும் மீன்களுக்கு உணவு போட்டு, கல்லையும் கட்டையையும் இடம் மாற்றுங்கள். பழைய எல்லைகள் அழிந்துவிடும். கடையிலிருந்து கொண்டுவந்து டப்பில் விடும்போது பையை 15–20 நிமிடம் மிதக்கவிட்டு, டப் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பை நீர் உள்ளே போகக் கூடாது. மீன் பல மணி நேரம் பையில் பயணித்திருந்தால் பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சொட்டுவிட வேண்டாம். திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதுவரை வீரியம் குறைந்திருந்த அம்மோனியா விஷமாகும். வெப்பம் சமமானதும் மாற்றிவிடுங்கள்.

9. முதல் இரண்டு வாரம் எதைப் பார்ப்பது

தினமும் உணவு போடும்போது தலை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அன்றே தேட வேண்டும், செடிக்குள் அழுகும் உடல் அம்மோனியாவை ஏற்றும்.

ஒரே மீன் ஹீட்டருக்குப் பின்னாலோ மேல் மூலையிலோ ஒண்டிக்கொண்டு, உணவுக்கும் வராமல் இருந்தால் அதை யாரோ விரட்டுகிறார்கள். எல்லா மீன்களும் சேர்ந்து மேலே வாயைப் பிளந்தால் அது சண்டையில்லை, உடனே அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதித்து நீரில் பாதியை மாற்றுங்கள். புது நீரில் குளோரின் நீக்கி சேர்த்திருக்க வேண்டும். துடுப்பில் துண்டு துண்டாகக் கடித்தெடுத்த தடம் இருந்தால் கடிக்கும் மீன் உள்ளே இருக்கிறது. ஓரம் வெளுத்துக் கந்தலானால் துடுப்பு அழுகல், நீரின் தரத்தைப் பாருங்கள்.

துரத்தல் முதல் இரண்டு மூன்று நாள் இருப்பது சகஜம். நான்காம் நாளும் அதே மீன் அடிவாங்கினால் பிரியுங்கள், ஆனால் அடிவாங்கிய மீனை அல்ல, அடிக்கும் மீனை. அடிவாங்கியதை எடுத்தால் அடிப்பது அடுத்த ஆளைத் தேடும். அடிப்பதை ஒரு வாரம் டப்பில் வைத்து, தொட்டியின் அமைப்பை மாற்றிவிட்டுத் திரும்ப விட்டால் பல நேரம் அடங்கிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் அந்த மீனைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். ஆற்றிலோ குளத்திலோ மட்டும் விடாதீர்கள்.